விளையாட்டு வீடியோ கேமில் நிஜம் எவ்வளவு, டிவி எவ்வளவு?

கேள்வி இது: ஒரு சின்னக் குழு கால்பந்து வீடியோ கேம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. ஆட்டம் நிஜம் போல இருக்க வேண்டும், ஆடுகிறவருக்குச் சலிக்கக் கூடாது, பார்க்க டிவி ஒளிபரப்பு போலவும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. எதை எங்கே விட்டுக்கொடுப்பது, ஓர் ஆட்டம் எத்தனை நிமிடம் ஓடலாம், வர்ணனைக்குச் செலவழிக்கலாமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றுக்கும் சம பங்கு கொடுக்கப் பார்க்காதீர்கள். பந்து ஓடும்போது ஆடுகிறவரின் கைக்குத்தான் முதல் மரியாதை. அந்தக் கை எடுக்கும் முடிவுகளில் நிஜம் இருந்தால் போதும். பந்து நின்ற பிறகு டிவி உள்ளே வரலாம். இந்த வரிசை தலைகீழாகும் கேம்கள் விளம்பரத்தில் அசத்தும், வாங்கி ஒரு வாரத்தில் தூசு படியும்.

"முடிவுகளில் நிஜம்" என்றால் என்ன? பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1988-இல் வந்த ஜான் மேடன் ஃபுட்பாலைச் செய்துகொண்டிருந்தபோது, அன்றைய கணினிகளால் பக்கத்துக்கு 11 பேரை நகர்த்துவது பெரும்பாடு. ஆட்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தது. பயிற்சியாளராக இருந்த மேடன், 11 பேர் இல்லாவிட்டால் அது ஃபுட்பாலே இல்லை என்று மறுத்துவிட்டார். கேம் வெளிவர வருடங்கள் தாமதமானது. அன்றைய திரையில் அந்த வீரர்கள் வெறும் புள்ளிக் கூட்டம்தான், முகம்கூடத் தெரியாது. ஆனால் ஆள் குறைந்தால் யார் யாரைத் தடுப்பது, எந்த இடைவெளியில் ஓடுவது என்ற கேள்விகளே மறைந்துபோகும். மேடன் காப்பாற்றியது அந்தக் கேள்விகளைத்தான்.

உடனே எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். அடுத்த வருடமே நின்டெண்டோவில் வந்த டெக்மோ பௌலில் பக்கத்துக்கு 9 பேர்தான், அணிக்கு 4 வியூகங்கள்தான். ஆனால் தாக்கும் அணி தேர்ந்தெடுத்த வியூகத்தைத் தடுக்கும் அணி சரியாக ஊகித்துவிட்டால் மொத்தப் பேரும் பாய்ந்து வந்துவிடுவார்கள். எதிராளி என்ன நினைக்கிறான் என்று யோசிப்பதுதான் அந்த விளையாட்டின் உயிர், அது நான்கு வியூகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆக, உங்கள் விளையாட்டில் மனிதர் உண்மையிலேயே எதை யோசிக்கிறார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் இருப்பதைக் குறைக்காதீர்கள். இல்லாததைத் தாராளமாக வெட்டுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. நிஜத்துக்கும் ஜாலிக்கும் நடக்கும் சண்டையில் பாதி இங்கேதான் நடக்கிறது, ஆனால் பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

நிஜக் கால்பந்து 90 நிமிடம். நீங்கள் கொடுக்கப்போவது 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய லீக்குகளில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சுமார் 12 அல்லது 13 ஷாட் அடிக்கும். இரு அணியும் சேர்ந்து இரண்டரையிலிருந்து மூன்று கோல் வரும். இதே வேகத்தை அப்படியே 12 நிமிடத்துக்குச் சுருக்கினால் ஓர் அணிக்கு இரண்டு ஷாட்கூடத் தேறாது. மூன்று ஆட்டம் ஆடினால் ஒரு கோல் விழும், மற்றதெல்லாம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இதுதான் அச்சு அசலான நிஜம். யாரும் ஆட மாட்டார்கள்.

அதனால் ஏழு எட்டு மடங்கை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கொஞ்சம் இலவசமாகக் கிடைக்கும். நிஜ ஆட்டத்தில் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. த்ரோ-இன், கோல் கிக், காயம், வாக்குவாதம் எல்லாவற்றையும் வெட்டினாலே ஒன்றரை மடங்கு வந்துவிடும். மீதிக்கு விலை கொடுக்க வேண்டும். அணிக்கு 6 ஷாட் வருமாறு ஆட்டத்தின் ஓட்டத்தைக் கூட்டி, ஐந்தில் ஒன்று கோலாகும்படி வைத்தால் மொத்தம் இரண்டரைக்குப் பக்கத்தில் கோல் வரும். ஸ்கோர் நிஜம் போலத் தெரியும். ஆனால் நிஜத்தில் பத்து ஷாட்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கோல் விழுகிறது. நீங்கள் அதை இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். கோல்கீப்பர் சொத்தை என்று திட்டு வரும். திட்டு குறைய வேண்டுமென்றால் ஷாட்டைக் கூட்டுங்கள், ஆனால் அதற்குத் தடுப்பாட்டக்காரர்கள் இன்னும் கொஞ்சம் அசட்டையாக இருந்தாக வேண்டும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்தால் சரி. தெரியாமல், இந்த அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரைத் தள்ளிக்கொண்டிருந்தால் வருடம் முழுக்கத் தள்ளலாம்.

களைப்பும் இப்படித்தான். 12 நிமிடத்தில் வீரர் களைத்துப்போக வேண்டுமென்றால் ஒவ்வோர் ஓட்டமும் அவரை ஏழெட்டு மடங்கு வேகமாகக் கரைக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு ஸ்பிரின்ட்டிலேயே ஆள் நாக்குத் தள்ளுவார், அது அபத்தமாக இருக்கும். நான் பரிந்துரைப்பது இரண்டு அளவுகள்: ஒரு வேக ஓட்டத்துக்குப் பின் சில நொடிகளில் மீளும் மூச்சு ஒன்று, ஆட்டம் முழுக்க மெதுவாக இறங்கும் தெம்பு ஒன்று. முதலாவது நிஜ நேரத்தில் ஓடட்டும், இரண்டாவது சுருக்கிய நேரத்தில்.

கூடைப்பந்தில் இந்தத் தலைவலி குறைவு. அமெரிக்க லீக்கான என்பிஏவில் ஓர் ஆட்டம் 48 நிமிடம், அணிக்கு நூறு புள்ளிக்கு மேல் வரும். 20 நிமிடமாகச் சுருக்கினால் நாற்பத்தைந்து, ஐம்பது புள்ளி வரும். ஸ்கோர் சிறியது, ஆனால் ஷாட் விழும் விகிதம் நிஜத்தில் இருப்பதே. ஆடுகிறவருக்கு இதில் மனக்குறை எதுவும் இல்லை. கால்பந்து போலக் கோல் அரிதாக விழும் விளையாட்டில்தான் ஸ்கோரைக் காப்பாற்றுவதா விகிதத்தைக் காப்பாற்றுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிவருகிறது. நான் ஸ்கோர் பக்கம். 2–1 என்பது எல்லோருக்கும் புரியும் எண். ஷாட்டில் எத்தனை சதவீதம் உள்ளே போனது என்பதைத் தேடிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கு ஸ்லைடர் கொடுத்துவிடலாம்.

அடுத்த சண்டை அனிமேஷனில். முழு வேகத்தில் ஓடும் வீரர் சட்டென்று திரும்ப வேண்டுமென்றால் இரண்டு மூன்று அடி வைத்து வேகத்தைக் கொல்ல வேண்டும். நிஜ மனிதரின் அசைவைப் பிடிக்கும் மோஷன் கேப்சரில் பதிவு செய்தால் அது அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அந்த அடிகள் முடியும்வரை கன்ட்ரோலரில் நீங்கள் என்ன அழுத்தினாலும் வேலைக்கு ஆகாது. பார்க்கிறவருக்கு நிஜம், ஆடுகிறவருக்குச் சேற்றில் ஓடுவது போல. இதற்கு நடுவழி ஒன்று உண்டு. திரையில் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடுகிறது என்றால், பட்டன் அழுத்தி 6 ஃபிரேமுக்குள், அதாவது பத்தில் ஒரு நொடிக்குள், வீரர் உடம்பில் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். தலை திரும்பட்டும், தோள் சாயட்டும். திரும்பி முடிக்க எவ்வளவு நேரமானாலும் "சொன்னது கேட்டுவிட்டது" என்று கைக்குத் தெரிந்தால் மனம் பொறுத்துக்கொள்ளும். அத்துடன், ஓர் அனிமேஷனை நடுவில் முறித்து வேறொன்றுக்குத் தாவக்கூடிய இடங்களை முன்பே குறித்து வையுங்கள். பாஸ் கொடுக்கும் அனிமேஷனில் கால் பந்தைத் தொடும் நொடிவரை மனம் மாற இடமிருந்தால் ஆட்டமே வேறு மாதிரி இருக்கும்.

இயற்பியலைக் கொட்டினால் நிஜம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஃபிஃபா 12 என்ற கால்பந்து கேமை நினைத்துப் பார்க்கலாம். 2011-இல் வந்த அந்த கேமில், வீரர்கள் மோதும்போது முன்பே செய்துவைத்த அசைவுகளுக்குப் பதில் அந்தந்த நொடியில் கணக்கிடும் மோதல் இன்ஜினை வைத்தார்கள். விளைவு? வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சிக்கி உருண்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும் வீடியோக்கள் இணையம் முழுக்கச் சிரிப்பு மூட்டின. அதே கேமில் வந்த இன்னொரு மாற்றம்தான் என் கண்ணுக்கு உண்மையான முன்னேற்றம். அதுவரை தடுப்பாட்டம் என்றால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், உங்கள் ஆள் தானாகப் போய்ப் பந்தைப் பறித்துவிடுவார். புதிய முறையில் எதிராளிக்கு முன்னால் நின்று, தூரம் காத்து, எப்போது கால் நீட்டுவது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். ஆரம்பத்தில் பலருக்குக் கடும் கோபம், பழைய முறையையும் ஒரு தேர்வாக வைக்க வேண்டியிருந்தது. ஆனால் நிஜத் தடுப்பாட்டக்காரர் யோசிப்பதை ஆடுகிறவரும் யோசிக்க ஆரம்பித்தார். கிராஃபிக்ஸில் ஒரு மயிரிழைகூட மாறாமல் ஆட்டம் நிஜத்தை நோக்கி நகர முடியும்.

சரி, டிவிக்கு வருவோம். அமெரிக்கன் ஃபுட்பாலின் மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆடப்படும் நேரம் 11 நிமிடம்தான் என்று 2010-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அளந்து எழுதியது. ரீப்ளே, குளோசப், புள்ளிவிவர அட்டை, ஸ்டூடியோ பேச்சு எல்லாம் பிறந்தது அந்தக் காலி நேரத்தை நிரப்பத்தான். உங்கள் கேமோ அந்தக் காலி நேரத்தை வெட்டி எறிந்துவிட்டது! பிறகு நிரப்புகிற சரக்கை மட்டும் எதற்கு வாங்கிவந்து திணிக்கிறோம்? ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் மூன்று நொடிக் காட்சி வைக்கும் கேமைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வருகிறது.

கேமராவும் அப்படியே. டிவி கேமரா பார்ப்பவருக்காக வைக்கப்பட்டது. அமெரிக்கன் ஃபுட்பாலில் டிவி பக்கவாட்டிலிருந்து காட்டும். தூரத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். கேம் ஆடுகிறவர் அவர்களைப் பார்த்தாக வேண்டும், அதனால் கேமரா, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால். வேடிக்கை என்னவென்றால், 2017 அக்டோபரில் நியூ இங்கிலாந்து – அட்லாண்டா ஆட்டத்தில் மைதானம் முழுக்கப் பனிமூட்டம். பக்கவாட்டுக் கேமராவில் எதுவும் தெரியவில்லை. என்பிசி ஒளிபரப்பு, கம்பியில் தொங்கும் ஸ்கைகேமுக்கு மாறியது. பார்த்தவர்களில் பலருக்கும் முதலில் தோன்றியது, இது மேடன் கேம் கோணமாயிற்றே என்பதுதான்.

கிரிக்கெட்டில் டிவி கேமரா பந்து வீச்சாளருக்குப் பின்னால், உயரத்தில், வெகு தூரத்தில் இருக்கும் டெலி லென்ஸ். அது ஆழத்தைச் சப்பையாக்கிவிடும். 20 மீட்டர் பிட்ச் நாலடி போலத் தெரியும், பந்து எங்கே குத்தியது என்று கணிக்கவே முடியாது. 140 கிலோமீட்டர் வேகப் பந்து மட்டையை அடைய அரை நொடிதான் ஆகும். அதில் ஆடுகிறவரின் கண்ணும் கையும் கன்ட்ரோலரும் டிவி திரையும் சேர்ந்து பாதியை விழுங்கிவிடும். நிஜ பேட்ஸ்மேன் வீச்சாளரின் மணிக்கட்டைப் படித்துத் தப்பிக்கிறார், திரையில் அந்த மணிக்கட்டு நாலு பிக்சல். அதனால்தான் பல கிரிக்கெட் கேம்கள் பந்து குத்தும் இடத்தை முன்கூட்டியே ஒரு குறியால் காட்டுகின்றன. நிஜத்தில் இல்லாத குறிதான். ஆனால் நிஜ பேட்ஸ்மேனிடம் இருக்கும் தகவலை வேறு வழியில் ஈடுகட்டுகிறது, ஆகவே அது ஏமாற்று இல்லை.

கால்பந்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். டிவியின் உயரமான பக்கவாட்டுக் கோணம் ஆடுவதற்கும் ஒத்துவரும். இரண்டு திருத்தம் மட்டும் செய்யுங்கள். டிவியைவிட அகலமாகக் காட்டுங்கள். பந்து திரையின் நடுவில் இல்லாமல் தாக்கும் திசையில் கூடுதல் இடம் தெரியட்டும். அப்புறம், பந்து ஓடும்போது கோணத்தை மாற்றவே மாற்றாதீர்கள். கோணம் மாறியதும் ஸ்டிக்கில் "மேலே" என்பது "இடது" ஆகிவிடும், வீரர் கோட்டுக்கு வெளியே ஓடிப்போவார். எவ்வளவு அழகான கோணமாக இருந்தாலும் விசில் ஊதும்வரை காத்திருக்கட்டும்.

இவ்வளவு சொன்னதால் டிவி பூச்சே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2004-இல் வந்த இஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5 கேமைப் பற்றி இன்றும் ரசிகர்கள் உருகிப் பேசுகிறார்கள். 20 டாலருக்கு விற்றது என்பது ஒரு காரணம், அதே ஆண்டு டிசம்பரில் மேடன் கேம்களைச் செய்யும் இஏ நிறுவனம், அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் உரிமத்தைத் தனக்கே என்று வாங்கியதால் தொடர் நின்றுபோனது இன்னொன்று. ஆனால் அதன் இடைவேளை நிகழ்ச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிறிஸ் பெர்மன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசுவார், திரையில் ஓடுவது சற்று முன் நீங்கள் ஆடிய காட்சிகள். எங்கோ தயாரித்து வைத்த படம் கிடையாது, உங்கள் தப்பும் உங்கள் சாகசமும்தான். டிவி பாணி ஆடுகிறவரைப் பற்றிப் பேசும்போது ஒருவரும் ஸ்கிப் பட்டனைத் தேட மாட்டார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனால் அலங்காரமே விதியாகிவிடும். ஃபைட் நைட் ரவுண்ட் 3 என்ற 2006 குத்துச்சண்டை கேம், எக்ஸ்பாக்ஸ் 360-இல், வீரரிடம் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று காட்டும் உயிர்ப்பட்டையைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டது. எதிராளியின் கண் வீங்கியிருக்கிறதா, கை தாழ்கிறதா, கால் தள்ளாடுகிறதா என்று பார்த்துத்தான் அடிக்க வேண்டும். 2024-இல் வந்த காலேஜ் ஃபுட்பால் 25-இல், எதிரணி மைதானத்தில் கூட்டத்தின் சத்தம் ஏறினால் திரை அதிரும், வீரர்கள் ஓட வேண்டிய வழியைக் காட்டும் கோடுகள் கோணல்மாணலாகும். கூட்டத்தின் இரைச்சல் அங்கே உங்கள் கவனத்தைக் கலைக்கும் ஓர் எதிராளி. இங்கே நிஜம், ஜாலி, ஒளிபரப்பு மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. உங்கள் கால்பந்து கேமில் களைப்புப் பட்டையை எடுத்துவிட்டு, களைத்த வீரர் முட்டியில் கை வைத்து நிற்பதை மட்டும் காட்டிப் பாருங்கள். பார்க்க டிவி போல இருக்கும், அதே சமயம் மாற்று வீரரை இறக்குவதா என்ற முடிவும் அதிலிருந்தே வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று: ரகசிய உதவி. தோற்கிற அணிக்குத் தெரியாமல் கை கொடுத்து ஆட்டத்தை நெருக்கமாக வைத்திருக்கும் ஆசை எல்லா வடிவமைப்பாளருக்கும் வரும். 1993-இல் வந்த என்பிஏ ஜாம் என்ற கூடைப்பந்து கேம் அதைச் செய்தது. சொந்த ஓரவஞ்சனையும் அதில் இருந்தது. அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகர். பிஸ்டன்ஸுக்கு எதிரான நெருக்கமான ஆட்டங்களில் சிகாகோ புல்ஸின் கடைசி நொடி ஷாட்கள் தவறும்படி புரோகிராம் எழுதி வைத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். காசு போட்டு ஆடும் ஆர்கேடில் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அதே கேமின் இன்னொரு தந்திரத்தைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்: ஒரே வீரர் தொடர்ந்து மூன்று கூடை போட்டால் பந்து தீப்பிடித்து எரியும், கொஞ்ச நேரம் அவர் எறிவதில் பெரும்பாலானவை விழும். இதுவும் ஓரவஞ்சனைதான், ஆனால் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிறது. எதிராளி அதைத் தடுக்க முயலலாம், அந்த முயற்சியே ஆட்டமாகிறது. நேர்மாறாக, மறைத்து உதவுவதாகச் சந்தேகம் கிளம்பிவிட்டால் அது போகவே போகாது. ஃபிஃபா ரசிகர்கள் பல வருடமாக அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள், இஏ மறுத்துக்கொண்டே இருக்கிறது, வாதம் ஓயவில்லை. இணையத்தில் மனிதரோடு மனிதர் மோதும் கேம் என்றால் மறைமுக உதவி அறவே வேண்டாம்.

இணைய ஆட்டத்தில் ஒளிபரப்புப் பாணிக்கும் வேறு முகம் உண்டு. கோல் போட்டவரின் கொண்டாட்டக் காட்சி, வாங்கியவருக்குத் தண்டனை. ஃபிஃபா 21-இல் வாயில் விரல் வைத்து "உஷ்" காட்டும் கொண்டாட்டத்தை நீக்கியது இதனால்தான். கொண்டாட்டம் சில நொடி, ரீப்ளே ஒன்றே ஒன்று, எந்தப் பக்கம் ஸ்கிப் அழுத்தினாலும் உடனே நடுக்கோடு என்று வைத்துவிடுங்கள்.

ஆட்ட நீளம்: கணினியிலும் கன்சோலிலும் 10 முதல் 12 நிமிடம். மொபைலில் 4, 5 நிமிடம். ஆனால் அங்கே மேலே போட்ட கணக்கு இன்னும் இறுகும், 90 நிமிட விளையாட்டாகக் காட்டிக்கொள்வதையே விட்டுவிட்டுப் பக்கத்துக்கு 5 பேர், சின்ன மைதானம் என்று போவது நேர்மையானது. களைப்பு, மாற்று வீரர் எல்லாவற்றையும் தூக்கிவிடலாம்.

வர்ணனை: உங்கள் குழு அளவுக்கு வேண்டாம். ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை கேட்டதும் ஆடுகிறவர் ஒலியைக் குறைத்துவிடுவார். தப்பான இடத்தில் தப்பான வாக்கியம் வந்தால் அதைவிட மோசம், கம்பத்தில் பட்டு வெளியே போன பந்துக்கு "அருமையான தடுப்பு!" என்று கத்தினால் மொத்த மாயமும் கலைந்துவிடும். பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வீரர் பெயரையும் சாதாரணமாக, பரபரப்பாக, உச்சக்கட்டத்தில் என்று தனித்தனித் தொனியில் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியத்தில் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். அந்தக் காசைக் கூட்டத்தின் சத்தத்தில் போடுங்கள். பந்து பெனால்டி பகுதியை நெருங்கும்போது மெல்ல எழும் இரைச்சல், ஷாட் தவறினால் வரும் "ஆ…" என்ற இழுப்பு, சொந்த மைதானத்தில் தோற்கும்போது விசில், எதிரணி கோலுக்கு ஒரு மூலையில் மட்டும் கேட்கும் சின்ன ஆரவாரம். இதற்கு மொழி வேண்டாம், திரும்பத் திரும்ப வந்தாலும் உறுத்தாது, திரைக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதைக் காதாலேயே சொல்லும். வர்ணனையாளர் குரல் வேண்டுமே வேண்டும் என்றால் கிக்-ஆஃபுக்கு முன் நாலு வாக்கியம், இடைவேளையில் அந்த ஆட்டத்தின் காட்சிகளுக்கு மேல் நாலு வாக்கியம், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.